கவிதை எழுதுகிறவர்கள் அச்சகத்தில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

மதுரையில் ஒரு சின்ன அச்சகம் நடத்துகிறேன். 1986-ல் அச்சுக்கோப்பவனாக இந்தத் தொழிலுக்கு வந்தேன். ஈய எழுத்து போய், ஆஃப்செட் வந்து, இப்போது எல்லாம் கணினியில் நடக்கிறது. பில் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் இவைதான் சோறு போடுகின்றன. ஆனால் மாதத்துக்கு நாலைந்து பேராவது கவிதையோடு வந்துவிடுவார்கள். சிலருக்குப் புத்தகம் போட வேண்டும். சிலருக்கு அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு அட்டை. சிலருக்கு மகள் கல்யாணத்தில் கொடுக்க வாழ்த்து மடல். வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அப்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நானும் எழுதுகிறவன்தான்.

கவிதை எழுதி என்ன ஆகப்போகிறது?

இதைப் பெரும்பாலும் கூட வருகிறவர்கள்தான் கேட்பார்கள். மனைவி, மகன், துணைக்கு வந்த நண்பர். எழுதினவர் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்.

பணம் வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேரும் அநேகமாக வராது. ஆனால் என் மேசைக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பல வருடம் பஸ் ஓட்டியவர் ஒருவர், பணி ஓய்வு விழாவில் எல்லோருக்கும் கொடுக்க ஒரு கவிதை எழுதிக்கொண்டு வந்தார். பன்னிரண்டு வரி. பத்து வரி, எல்லோரும் எழுதுவதுதான்: நன்றி, நட்பு, பயணம். நடுவில் இரண்டு வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது. கியர் ராடின் அதிர்வு இடது உள்ளங்கையில் ஏறி அங்கேயே தங்கிவிட்டது, பேத்தியைத் தட்டித் தூங்கவைக்கும்போதும் அது கையில் இருக்கிறது என்று எழுதியிருந்தார். நான் அந்த வரியில் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தேன். "இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை சார். எழுதுறப்பதான் எனக்கே தெரிஞ்சது" என்றார்.

அதுதான் ஆகிறது. தன் கையில் இத்தனை வருடம் என்ன இருந்தது என்று ஒரு மனிதருக்குத் தெரிகிறது.

இது நம் மொழியில் பழைய விஷயம். குறுந்தொகையில் சில புலவர்களின் இயற்பெயர் யாருக்கும் தெரியாது. அவர்கள் எழுதிய ஒரு தொடரையே எடுத்து அவர்களுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். காட்டு யானை வளைத்துப் பிடித்த மூங்கிலைக் கைவிட்டதும், மீனைக் கவ்விய தூண்டில் போல அது விருட்டென்று மேலே எழுகிறது என்று பாடியவர் மீனெறி தூண்டிலார். காதலன் பிரிந்த வீட்டை, மனிதர்கள் விட்டுப்போக அணில் ஆடுகிற முற்றத்தோடு ஒப்பிட்டவர் அணிலாடு முன்றிலார். செம்புலப் பெயல்நீராரை உங்களுக்கே தெரிந்திருக்கும். இவர்கள் எந்த ஊர், என்ன தொழில், யார் பிள்ளை, எதுவும் தெரியாது. ஒரு தடவை ஒன்றைச் சரியாகப் பார்த்தார்கள் என்பது மட்டும் தெரியும். அந்த ஓட்டுநரை நான் மனதுக்குள் உள்ளங்கை அதிர்வார் என்றுதான் கூப்பிடுகிறேன்.

மக்கள் பெரும்பாலும் யாருக்காக எழுதுகிறார்கள்?

ஒருவருக்காக. இத்தனை வருடத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

கட்டு பெரிதாக இருந்தாலும் நான் ஒரே கேள்வி கேட்பேன்: "இதில் எதை எடுத்துவிட்டால் உங்களுக்குத் தாங்காது?" யோசிக்கவே மாட்டார்கள். நேராக ஒரு பக்கத்தைத் திருப்புவார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் அறுபதுக்கு மேல் காதல் கவிதை கொண்டுவந்தார். தலைப்பும் காதல் தலைப்பு. ஆனால் நான் கேட்டதும் அவர் விரல் போன பக்கத்தில் இருந்தது அவருடைய அக்கா. தம்பி படிக்கட்டும் என்று பத்தாம் வகுப்போடு நின்றவர். அக்காவின் மதிப்பெண் பட்டியல் இன்னும் பிளாஸ்டிக் உறையில், அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறதாம். "412. என்னுடையதைவிட 60 அதிகம்" என்று கவிதை முடிகிறது. மற்ற அறுபதும் அந்த ஒன்றை வெளியே கொண்டுவரத் துணைக்கு வந்தவை என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் அதைச் சொல்லவும் செய்தேன். அதை முதல் பக்கத்தில் போட்டோம்.

கடவுளுக்கு எழுதுகிறவர்களும் வருகிறார்கள். முருகன் மேல் அந்தாதி, மீனாட்சி மேல் பதிகம். அவர்களுடைய தாளில் அடித்தல் திருத்தல் குறைவாக இருக்கும். கேட்கப்போவது யார் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை.

நீங்கள் ஏன் எழுதுகிறீர்கள்?

என் அப்பா செல்லூரில் கைத்தறி நெய்தவர். குழித்தறி. தரையில் குழி தோண்டி, அதில் காலை இறக்கி, மிதிகட்டையை மிதித்து நெய்வார்கள். வீட்டில் பாதி இடம் தறிக்குத்தான். விசைத்தறித் துணியோடு மல்லுக்கட்ட முடியாமல் ஒருநாள் தறியைப் பிரித்து விற்றுவிட்டார். அப்போது எனக்குப் பதினாலு வயது.

அந்த நாளைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப வருடம் முயன்றேன். வறுமை, சோகம், நெசவாளர் கண்ணீர் என்று எழுதுவேன், கிழிப்பேன். எழுதியது எதுவும் பொய் இல்லை. ஆனால் எங்கள் வீடு அதில் இல்லை. யார் வீட்டில் வேண்டுமானாலும் அதை ஒட்டலாம். நாற்பது வயது தாண்டி ஒரு ராத்திரி, வேறெதையோ எழுதிக்கொண்டிருந்தபோது ஞாபகம் வந்தது: தறிக்குழியை மண் போட்டு மூடி மேலே சிமெண்ட் பூசினார்கள். அந்த இடம் மட்டும் தரையில் வேறு நிறமாக, நீளவாக்கில் தெரியும். மழைக்காலத்தில் அங்கேதான் ஈரம் ஏறும். எத்தனை விருந்தாளி வந்து இடம் போதாமல் போனாலும் அம்மா அந்த இடத்தில் பாய் விரிக்க மாட்டாள். அப்பாவும் அதை மிதிக்காமல் சுற்றித்தான் போவார்.

இவ்வளவையும் ஏழு வரியில் எழுதினேன். சோகம் என்ற சொல் அதில் வரவில்லை. அன்றைக்குத்தான் என் அப்பாவை நான் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். அப்போது அவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. எனக்குக் கவிதை என்றால் அந்த ஏழு வரிதான். அதற்கு முன்னால் எழுதியதெல்லாம் அங்கே போய்ச் சேருவதற்கு நடந்த நடை.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவர் பாடியதைக் கவிதை என்று அச்சடிக்கலாமா?

தாராளமாக. நம் மொழியில் கவிதையைப் பாதிக்கு மேல் சுமந்து வந்தவர்கள் எழுத்து தெரியாத பெண்கள்தான். தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி எல்லாம் வாயில் பிறந்து வாயில் வளர்ந்தவை.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பேரன் வந்தான். அவனுடைய அப்பத்தா, இறந்துபோன தன் அண்ணனுக்காகப் பாடிய ஒப்பாரி செல்போனில் பதிவாகியிருந்தது. அதைக் கேட்டு அவனே எழுதியிருந்தான். பதினாறாம் நாளுக்கு அட்டையாக வேண்டும் என்றான். புரூஃப், அதாவது பிழை பார்க்க எடுக்கும் முதல் படி, எடுத்ததும், அப்பத்தாவைக் கூட்டிவா, படித்துக் காட்ட வேண்டும் என்றேன். பாடினவர் காதில் ஏறாமல் அச்சுக்குப் போகக் கூடாது என்பது என் வழக்கம். வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார். பொங்கலுக்குப் பொங்கல் அண்ணன் சைக்கிளில் சீர் கொண்டுவந்ததைச் சொல்லும் இடம். பேரன் "கரும்புக்கட்டு, மஞ்சக்கொத்து" என்று எழுதியிருந்தான். உடனே கையைக் காட்டி நிறுத்தினார். "கட்டெல்லாம் கெடையாதுய்யா. ரெண்டு கரும்பு. அவனுக்கு அவ்வளவுதான் ஏண்டுச்சு. ரெண்டுன்னே போடு."

கட்டு என்றால் ஓசை நன்றாக வருகிறது, அண்ணனுக்கும் பெருமை. அவருக்கு அது வேண்டாம். அவருடைய அண்ணன் கொண்டுவந்தது இரண்டு கரும்பு. இதைவிடப் பெரிய கவிதைப் பாடம் எனக்கு யாரும் எடுத்ததில்லை.

அப்பா இறந்ததை எழுத உட்கார்ந்தால் அழுகைச் சொற்களாகவே வருகின்றன. என்ன செய்வது?

முதல் தடவை அப்படித்தான் வரும். வரட்டும், எழுதி வையுங்கள். அப்புறம் புறநானூற்றில் பாரி மகளிர் பாடிய 112-ஆம் பாட்டை எடுத்துப் படியுங்கள். ஐந்தே அடி. அன்றைய நிலவில் எங்கள் தந்தையும் இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இன்றைய நிலவில் வென்ற வேந்தர் குன்றையும் கொண்டார்கள், எங்கள் தந்தையும் இல்லை. அவ்வளவுதான் செய்தி. அழுதோம் என்று ஓரிடத்திலும் இல்லை. ஒரே நிலா இரண்டு தடவை வருகிறது.

உங்கள் அப்பா இருந்தபோதும் இல்லாதபோதும் வீட்டில் மாறாமல் இருக்கிற ஒரு பொருளைத் தேடுங்கள். கண்ணாடிக் கூடு, ரேடியோ, சைக்கிள் பூட்டின் சாவி. அதைப் பற்றி மட்டும் எழுதிப் பாருங்கள். நான் இப்படிச் சொல்லி அனுப்பியவர்களில் பாதிப் பேராவது வேறு தாளோடு திரும்பி வந்திருக்கிறார்கள்.

எழுதினால் மனசு லேசாகுமா?

சிலருக்கு ஆகிறது, உடனே ஆவதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவருடன் பணியாற்றியவரும் 1986-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், வாழ்க்கையில் தங்களை உலுக்கிய ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் இன்னும் பாரமாகத்தான் இருந்தது. ஆனால் நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்திருந்தது. அவர்கள் எழுதியது கவிதை இல்லை, சாதாரண எழுத்துதான். என்றாலும் என் மேசையில் நான் பார்ப்பதோடு இது ஒத்துப்போகிறது. எழுதின அன்றைக்கு முகம் வாடித்தான் இருக்கும். புரூஃப் பார்க்க வரும்போது கொஞ்சம் தெளிந்திருக்கும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. சாவைப் பற்றி மட்டுமே எழுதிக் கொண்டுவரும் பிள்ளைகள் உண்டு. அப்படி வந்தால் நான் அச்சைப் பற்றிப் பேச மாட்டேன். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துப் பேசுவேன். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் நோட்டுப் புத்தகம் மட்டும் போதாது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள். கவிதை எங்கேயும் போய்விடாது.

வீட்டுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். இது தப்பா?

இதைக் கேட்பது எப்போதும் பெண்கள்தான். பத்திரிகை அடிக்க வந்தவர்போல வந்து, கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கைப்பையிலிருந்து நோட்டை எடுப்பார்கள். சிட்டை, மளிகைக் கணக்கு, அதற்கு நடுவில் கவிதை.

தப்பே இல்லை. கவிஞர் சல்மா துவரங்குறிச்சிக்காரர். பருவ வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டவர். திருமணத்துக்குப் பிறகும் எழுதத் தடை. ராத்திரியில் குளியலறைக்குள் போய் நின்று எழுதினார், தாள்களை ஒளித்து வைத்தார், புனைபெயரில் வெளியிட்டார். சல்மா என்பதே அந்தப் புனைபெயர்தான். 2000-ல் அவருடைய முதல் தொகுப்பு வந்தது. பிறகு அவர் பேரூராட்சித் தலைவராகவும் ஆனார். அவருக்கு அந்த எழுத்து பொழுதுபோக்கா என்று யாராவது கேட்க முடியுமா?

யாழ்ப்பாணத்தில் 1986-ல், போருக்கு நடுவில், பெண்கள் சேர்ந்து ஒரு கவிதைத் தொகுப்புக் கொண்டுவந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் சொல்லாத சேதிகள். அந்தப் பெயரை நினைத்தாலே எனக்கு நோட்டோடு வருகிற அந்தப் பெண்கள் எல்லோரும் ஞாபகத்துக்கு வருவார்கள்.

புனைபெயர் வேண்டும் என்றால் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயரை நான் பில்லில்கூட எழுத மாட்டேன்.

மரபா, புதுக்கவிதையா?

எது உங்கள் மூச்சுக்கு ஒத்து வருகிறதோ அது. இந்தச் சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. சி.சு. செல்லப்பா 1959-ல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிப் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்த காலத்தில் அந்தச் சண்டைக்குத் தேவை இருந்தது. இப்போது இல்லை.

ஆனால் மரபை ஒதுக்குகிற இளையவர்களிடம் ஒன்றைக் காட்டுவேன். ஈழத்தில், குறிப்பாக யாழ்ப்பாணத்தில், ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு நினைவு மலர் அச்சடிக்கும் வழக்கம் உண்டு. அதில் இறந்தவரைப் பற்றிப் பாடும் செய்யுள் பகுதிக்குக் கல்வெட்டு என்று பெயர். அதில் திதி வெண்பா என்று ஒன்று கட்டாயம் இருக்கும். இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாம் அந்த நான்கு அடிக்குள் அடங்கிவிடும். மலர் தொலைந்து போகலாம், தாள் செல்லரிக்கலாம். வெண்பாவை மனப்பாடம் செய்த பேரப்பிள்ளை, திவசம் எந்தத் திதியில் வருகிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. கனடாவுக்கும் லண்டனுக்கும் போன குடும்பங்களும் இந்த வழக்கத்தைக் கொண்டுபோயிருக்கிறார்கள். வெண்பாவின் விதிகளான வெண்டளையும், நாள், மலர், காசு, பிறப்பு என்று முடியும் ஈற்றுச்சீரும் பரீட்சைக்காக வந்தவை என்று நினைத்திருந்தவனுக்கு, ஒரு குடும்பம் தன் ஆளை மறக்காமலிருக்க அவை எப்படி உதவுகின்றன என்று தெரிந்தபோது கண் கலங்கிவிட்டது.

என் கவிதை, உரைநடையை உடைத்துப் போட்டது போல இருக்கிறது என்கிறார்கள். சரியா?

சில சமயம் சரிதான். ஈய எழுத்துக் காலத்து விஷயம் ஒன்று சொல்கிறேன். அச்சுக் கோக்கும்போது வெற்றிடம் என்று எதையும் அப்படியே விட முடியாது. எழுத்து இல்லாத இடத்திலும் குவாட் என்ற உயரம் குறைந்த ஈயத்துண்டை வைத்து அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கம் சரிந்து கொட்டிவிடும். கதை கோத்தால் எழுத்து தீர்ந்துபோகும். கவிதை கோத்தால் குவாட் தீர்ந்துபோகும். கவிதையில் வெள்ளையாகத் தெரிகிற இடமும் கனமானதுதான் என்று பதினெட்டு வயதிலேயே என் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

அதனால் ஒரு வரியை எங்கே முடிக்கிறீர்களோ, அங்கே ஒரு ஈயத்துண்டைக் கையால் எடுத்து வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் படிக்கிறவர் ஒரு மூச்சு நிற்பார். நிற்க ஏதாவது இருக்கிறதா? இருந்தால் உடையுங்கள். இல்லையென்றால் வரியைச் சேர்த்து உரைநடையாகவே எழுதலாம். பாரதியே 'காட்சி' என்ற கவிதையை வசனத்தில்தானே எழுதினார்.

வேலைக்குப் போகிறவன் எப்போது எழுதுவது?

கவிஞர் ந. பிச்சமூர்த்தி வக்கீலாகவும் கோயில் நிர்வாக அதிகாரியாகவும் இருந்தவர். ஞானக்கூத்தன் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். கலாப்ரியா வங்கியில். தேவதச்சனுக்குக் கோவில்பட்டியில் நகைக்கடை. எழுதியே சாப்பிட்ட கவிஞர்கள், சினிமாவுக்குப் போனவர்களை விட்டால், ரொம்பக் குறைவு. பஸ்ஸில், சாப்பாட்டு இடைவேளையில், ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு. இதற்குமேல் எனக்கும் வழி தெரியாது.

அறுபது வயதுக்கு மேல் தொடங்கலாமா?

தொடங்குங்கள். நாளைக்கே.

கணினியிடம் சொன்னால் கவிதை எழுதித் தருகிறதே, அதை அச்சடிக்கலாமா?

இது இப்போது புதிதாக வரும் கேள்வி. தாய்மை பற்றி, நண்பன் பிறந்தநாள் பற்றிச் செயலி எழுதிக் கொடுத்ததைக் கொண்டுவருகிறார்கள். உங்கள் பணம், உங்கள் அட்டை, அடித்துக் கொடுப்பேன். ஆனால் கொண்டுவந்தவர்களிடம் ஒன்று கேட்பேன்: உங்கள் அம்மா உங்களை என்ன சொல்லித் திட்டுவார்? உடனே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். அந்தத் திட்டை ஒரு வரியாக இதில் சேர்த்துவிடலாமா என்பேன். இதுவரை யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. சேர்த்த பிறகு மற்ற வரிகளையும் ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கிவிடுவார்கள். ஒரு பெண் முழுக்க மாற்றிவிட்டு, பழைய தாளைக் குப்பையில் போட்டுவிட்டுப் போனார். இரண்டு கரும்பு என்று சொல்ல, கொண்டுவந்ததைப் பார்த்த ஆள் வேண்டும்.

புத்தகமாகப் போட்டே ஆகவேண்டுமா? எத்தனை பிரதி போடலாம்?

போட்டே ஆகவேண்டும் என்று இல்லை. அமெரிக்காவில் எமிலி டிக்கின்சன் என்று ஒருவர். சுமார் 1,800 கவிதை எழுதினார். உயிரோடு இருந்தபோது அச்சில் வந்தவை பத்துப் பன்னிரண்டுதான், அவையும் அவர் பெயர் இல்லாமல். கவிதைகளை நல்ல தாளில் படியெடுத்து, ஊசி நூலால் தைத்துத் தைத்துச் சின்னச் சின்ன ஏடுகளாகப் பெட்டியில் வைத்திருந்தார். 1886-ல் அவர் இறந்த பிறகுதான் தங்கை அவற்றைக் கண்டெடுத்தார். தைத்து வைத்ததே அவருக்குப் புத்தகம்.

பாரதி நினைத்தது வேறு. 1920-ல் தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி போடப்போவதாகச் சொல்லி, கடனாகப் பணம் கேட்டு எல்லோருக்கும் அறிக்கை அனுப்பினார். பணம் சேரவில்லை. அடுத்த வருடம் செப்டம்பரில் இறந்துபோனார். நமக்குத் தொழில் கவிதை என்று எழுதின மனிதர். அச்சுத் தொழிலில் இருப்பதால் அந்தக் கணக்கு எனக்கு வேறு மாதிரி வலிக்கிறது. நாலு லட்சம் பிரதி. எத்தனை ரீம் தாள், எத்தனை நாள் இயந்திரம் ஓட வேண்டும் என்று என்னையறியாமல் மனசு கணக்குப் போடும்.

இரண்டு ஆசையும் நியாயமானவை. உங்களுக்கு எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் தொகுப்பு என்றால் உங்கள் கல்யாணத்துக்கோ வீட்டு விசேஷத்துக்கோ நீங்களே நேரில் போய்ப் பத்திரிகை வைப்பீர்களே, அந்தப் பட்டியலை எழுதி எண்ணிப் பாருங்கள். அதைவிடக் கொஞ்சம் கூடப் போட்டால் போதும். இப்போது டிஜிட்டலில் 50 பிரதிகூடப் போடலாம். நகையை அடகு வைத்து 1,000 பிரதி போட வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பரணில் மூட்டையாகக் கிடக்கும் புத்தகம், எழுதினவரை அடுத்த கவிதை எழுத விடாது. 64 அல்லது 80 பக்கம் என்று வைத்துக்கொண்டால் பாரக் கணக்கு சரியாக வரும், தாள் வீணாகாது. ஒரு பாரம், அதாவது அச்சடித்து மடிக்கும் ஒரு பெரிய தாள், 16 பக்கம். லேசான மஞ்சள் கலந்த நேச்சுரல் ஷேடு தாளும் 12 புள்ளி (பாயிண்ட்) அளவு எழுத்தும் கண்ணுக்கு இதம்.

ஐஎஸ்பிஎன் எண் வேண்டுமா?

அது ஒவ்வொரு புத்தகத்துக்கும் உலக அளவில் கொடுக்கும் தனி அடையாள எண். கடையிலோ இணையத்திலோ விற்பதாக இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இதைக் கட்டணமில்லாமல் தருகிறது, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். எழுதியவரே வெளியிடுவதாக இருந்தாலும் தருவார்கள். இதற்குப் பணம் கேட்கிறவர்களிடம் ஏமாற வேண்டாம். உறவுக்காரர்களுக்குக் கொடுக்க மட்டும் என்றால் தேவையே இல்லை.

எழுதியதை எப்படிப் பத்திரப்படுத்துவது?

ஒவ்வொரு கவிதைக்குக் கீழேயும் தேதியும் ஊரும் எழுதுங்கள். பின்னால் உங்களுக்கே அது தேவைப்படும். செல்போனில் மட்டும் வைத்திருக்காதீர்கள். போன் தண்ணீரில் விழுந்து பத்து வருடக் கவிதை போய்விட்டது என்று என் முன்னால் அழுத மனிதரை எனக்குத் தெரியும். போனில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, தாளில் ஒன்று இருக்கட்டும். தாளில் எழுதினால் பால்பாயிண்ட் பேனா போதும். சில ஜெல் பேனா மை ஈரம் பட்டால் கரையும். ஸ்டேப்ளர் ஊசி துருப்பிடித்துத் தாளைத் தின்னும், நூலால் தையுங்கள். பக்கங்களை லேமினேஷன் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது.

வீட்டில் பெரியவர்கள் எழுதிய பழைய நோட்டு இருந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். பால் கணக்குக்கு நடுவில் நாலு வரி இருக்கலாம். எங்களிடம் கொண்டுவந்தால் ஸ்கேன் எடுத்துத் தருகிறோம். அதற்குப் பணம் வாங்குவதில்லை. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள், பகலில் இயந்திரச் சத்தத்தில் நிம்மதியாகப் படிக்க முடியாது.